ஐபி டிவி போடுகிறீர்களா? ஸ்னூப்பிங்கைச் சோதிக்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

லாட்ஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் என்று எங்காவது ஐபி டிவி போடப் போகிறவர்கள், அதற்காக நெட்வொர்க் சுவிட்ச் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். நான் ஒரு தங்கும் விடுதியில் கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவன். எங்களுக்கு வேலை செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மொட்டை மாடியில் ஹெட்எண்ட் (சேனல்களை வாங்கி நெட்வொர்க்கில் விடும் கருவி) வைத்து, சேனல்களை மல்டிகாஸ்ட்டாக (ஒரே ஓட்டத்தைக் கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முறை) லேன் வழியே ஒவ்வொரு அறை டிவிக்கும் அனுப்புவதுதான் ஏற்பாடு. கொட்டேஷனில் "எல்லாத் தளத்துக்கும் மேனேஜ்டு சுவிட்ச், ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வசதியுடன்" என்று எழுதியிருந்தார்கள். கூடுதல் விலை கேட்டதும் அதற்குத்தான். மேனேஜ்டு என்றால் உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்ச்.

ஸ்னூப்பிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: டிவியில் ஒரு சேனலைப் போட்டதும் "இந்த குரூப் (அந்தச் சேனலின் மல்டிகாஸ்ட் முகவரி) எனக்கு வேண்டும்" என்று அது ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்திக்கான நெறிமுறைதான் ஐஜிஎம்பி. சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, அந்த போர்ட்டுக்கு மட்டும் அந்தச் சேனலை விடும். ஸ்னூப்பிங் இல்லையென்றால் எல்லாச் சேனலும் எல்லா போர்ட்டிலும் கொட்டும். ஒரு ஹெச்டி சேனலுக்கு 8 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 40 சேனலுக்கு 320 எம்பிபிஎஸ். டிவிகளின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டெமோ அன்று வந்த இன்ஜினியர் ரிமோட்டைக் கீழே வைக்கவே இல்லை. சேனல் சேனலாக மாற்றிக் காட்டினார், படம் பளிச்சென்று வந்தது, முதலாளிக்குத் திருப்தி. அன்று ராத்திரியே அறைகளிலிருந்து ரிசப்ஷனுக்கு போன் வரத் தொடங்கிவிட்டது. படம் ஓடிக்கொண்டே இருக்கும்போது அப்படியே உறைந்துவிடுகிறது, வேறு சேனலுக்குப் போய்த் திரும்பி வந்தால் ஓடுகிறது, நாலு நிமிடம் தாண்டியதும் மறுபடி நிற்கிறது.

அந்த நாலு நிமிடக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. சுவிட்ச் தன் பட்டியலில் ஒரு போர்ட்டைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமானால், "இன்னும் யார் யார் பார்க்கிறீர்கள்?" என்று யாராவது அவ்வப்போது கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெயர் க்வெரி, கேட்கும் சாதனத்துக்குப் பெயர் க்வெரியர். ஐஜிஎம்பி தரப்படி வழக்கமான இடைவெளி 125 விநாடி. இரண்டு முறை பதில் வராமல் மேலும் 10 விநாடி போனால், அதாவது 260 விநாடியில், அந்த போர்ட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எங்கள் நெட்வொர்க்கில் ஸ்னூப்பிங் போட்டிருந்தார்கள், பதிவில்லாத (யாரும் கேட்டதாகப் பட்டியலில் இல்லாத) மல்டிகாஸ்ட்டை டிராப் செய்யவும் அமைத்திருந்தார்கள், க்வெரியரை மட்டும் எங்குமே போடவில்லை. கேட்க ஆளில்லை, டிவியும் பதில் சொல்லவில்லை, 260 விநாடியில் சேனல் கட். சேனலை மாற்றும்போதெல்லாம் புது ஜாயின் (அந்த "எனக்கு வேண்டும்" செய்தி) போவதால் டெமோவில் இது வெளியே தெரியவே தெரியாது.

புகார் சொன்னோம். "டிவி ஃபர்ம்வேர் கோளாறு சார், கம்பெனியைக் கூப்பிடுங்க" என்றார்கள். சில சேனல்கள் மட்டும் உறையாமல் ஓடின. அதையே பிடித்துக்கொண்டு, "பாருங்க சார், இது ஓடுது. அப்போ சுவிட்ச் சரியாத்தானே இருக்கு?" என்று வாதம். (அவை ஏன் ஓடின என்று கீழே சொல்கிறேன்.) விடாமல் நச்சரித்ததும், அவர்கள் இடத்திலிருந்தே ரிமோட்டில் நுழைந்து எதையோ மாற்றினார்கள். உறைவது நின்றது. ஆனால் எல்லா டிவியிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, வைஃபை படுத்துவிட்டது. "நெட் ஸ்பீடு பத்தலை சார். லைனை அப்கிரேட் பண்ணுங்க, கோர் சுவிட்சையும் பெரிசாப் போட்டுடலாம்" என்று புதுக் கொட்டேஷன் வந்தது (கோர் என்றால் மற்ற சுவிட்சுகள் வந்து சேரும் நடு சுவிட்ச்). எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். கோளாறை உண்டாக்கியதே அவர்கள், அதற்கு மருந்து என்று இன்னொரு பில்லும் அவர்களே.

காலியாக இருந்த ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்தேன். லேப்டாப் எந்தச் சேனலையும் கேட்கவில்லை. இருந்தும் 239-ல் தொடங்கும் சேனல் முகவரிகளுக்குப் போகும் பாக்கெட்டுகள் திரை நிறைய ஓடின. ஐஜிஎம்பி என்று ஃபில்டர் போட்டால் க்வெரி ஒன்றுகூட இல்லை. ஸ்னூப்பிங்கையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! இந்த வெள்ளம் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் போகும். அது மல்டிகாஸ்ட்டைப் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில்தான் காற்றில் விடும் என்பதால் மற்றவர்களுக்கு நேரமே கிடைக்காது. இன்டர்நெட் லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, சுவிட்சுக்குள் போய் நாமே பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்ட் தர மறுத்தார்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள், பாஸ்வேர்டுக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட வேண்டுமாம். முதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தம்பி, பாஸ்வேர்ட் வர்ற வரைக்கும் பாக்கிப் பணம் போகாது." வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் அடுத்த கூத்து. மேல்தளத்துக்குப் போகும் ஒரே போர்ட்டில் பல டிவிகளின் மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவியின் வன்பொருள் முகவரி) குவிந்திருந்தன, ஆனால் அங்கே இருக்க வேண்டிய மேனேஜ்டு சுவிட்சுக்கு ஐபியே கிடையாது. ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தள்ளிப் பார்த்தோம். சாதாரண 8 போர்ட் அன்மேனேஜ்டு பெட்டி, ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, கேபிள் டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பில்லில் அது மேனேஜ்டு. படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் சரியான சுவிட்ச் கொண்டுவந்து மாற்றினார்கள்.

ஹெட்எண்டுக்குப் பக்கத்தில் உள்ள கோர் சுவிட்சில் க்வெரியரைப் போட்டு, டிவிக்கான விலேனில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதியில்) ஸ்னூப்பிங்கை மறுபடி இயக்கியதும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. அந்தச் சில சேனல்கள் மட்டும் இன்னும் எல்லா போர்ட்டிலும் வந்தன. அவற்றுக்கு 239.0.0.1, 239.0.0.2 என்று முகவரி கொடுத்திருந்தார்கள். மல்டிகாஸ்ட் ஐபியை மேக் அட்ரஸாக மாற்றும்போது கடைசி 23 பிட்டுகள்தான் போகும். 32 ஐபிகளுக்கு ஒரே மேக். 239.0.0.1-க்கும் 224.0.0.1-க்கும் மேக் ஒன்றுதான். 224.0.0 வரிசை நெட்வொர்க்கின் சொந்த உபயோகத்துக்கானது, அதைத் தடுக்கக் கூடாது என்பதால் மேக்கை வைத்து முடிவெடுக்கும் சுவிட்ச் இந்தச் சேனல்களையும் எல்லாப் பக்கமும் விட்டுவிடும். உறையாமல் ஓடியதன் ரகசியம் இதுதான். 239.10 வரிசைக்கு மாற்றியதும் நின்றது. 239.128.0 வரிசையிலும் இதே வம்பு உண்டு.

உங்கள் இடத்தில் பார்க்கிறபோது லேப்டாப்பில் 224.0.0.251 போன்றவை கொஞ்சம் வந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. சேனல் முகவரிகள் வரக் கூடாது. சிஸ்கோ வகை சுவிட்ச் என்றால் 'ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குரூப்ஸ்' என்று கேளுங்கள், எந்த போர்ட்டில் எந்த குரூப் என்று வரும். 'குரூப்ஸ்' இடத்தில் 'க்வெரியர்' போட்டால் கேட்கிறவர் யார் என்று தெரியும். மற்றவற்றில் வெப் பக்கத்திலேயே இருக்கும். டேட்டாஷீட்டில் ஸ்னூப்பிங் என்று மட்டும் போட்டு க்வெரியர் இல்லாத மலிவு சுவிட்சுகள் நிறைய வருகின்றன, அந்த வார்த்தை தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

லைனை நாங்கள் அப்கிரேட் செய்யவில்லை. அதே லைனில்தான் இப்போது வைஃபை ஓடுகிறது. அடுத்த கட்டடத்துக்கான பர்சேஸ் ஆர்டரில் சேர்த்த வரியைத் தருகிறேன், வேண்டியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "எல்லா சுவிட்சின் அட்மின் பாஸ்வேர்டும், மாடலும் சீரியல் எண்ணும் போட்ட பட்டியலும் ஒப்படைக்க வேண்டும். எல்லா டிவியும் ஆளுக்கொரு சேனலில் ரிமோட்டைத் தொடாமல் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் காலி போர்ட்டில் செருகிய லேப்டாப்பில் சேனல் டிராஃபிக் வரக் கூடாது. இவை முடிந்த பிறகே இறுதித் தவணை."