எஸ்னோகாவும் எட்ஸ் ஹைம் நூலகமும்: அரச மணம் ஒன்றின் தடம் தேடுவோருக்கு

ஆம்ஸ்டர்டாமின் போர்த்துக்கீசிய யூதத் தொழுகைக் கூடமான எஸ்னோகாவுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் கட்டட அழகைக் காணவே செல்கிறார்கள். யூதச் சமூகம் ஒன்று அரச குடும்பத்து மணமக்களை எப்படி வரவேற்று வாழ்த்தியது என்பதில் அக்கறை உள்ளவர்களுக்கோ, இந்த இடம் அதைவிடப் பெரிய விருந்து. அந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையுங்கள் என்பதே என் பரிந்துரை.

1641 மே மாதம் லண்டனில், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் 9 வயது மகள் மேரிக்கும் நெதர்லாந்தை ஆண்ட ஆரஞ்சு குடும்பத்தின் 14 வயது இளவரசர் வில்லெமுக்கும் திருமணம் நடந்தது. மறு ஆண்டு தாய் ஹென்ரியெட்டா மரியா, மகளைப் புகுந்த வீட்டில் விடுவதற்காகவும், உள்நாட்டுப் போரை எதிர்நோக்கியிருந்த கணவருக்காக நகைகளை அடகு வைத்துப் பணம் திரட்டுவதற்காகவும் ஹாலந்துக்கு வந்தார். 1642 மே 22 அன்று அவர் தம் சம்பந்தியான ஆட்சியாளர் பிரெடெரிக் ஹென்ரிக்குடனும் மருமகனுடனும் யூதர்களின் தொழுகைக் கூடத்துக்கு வருகை தந்தபோது, நகரின் முதல் எபிரேய அச்சகத்தை நிறுவியவரான ரப்பி (யூத மதகுரு) மெனாசே பென் இஸ்ரேல் வரவேற்புரை ஆற்றினார். எங்கள் தாயகம் இனி ஸ்பெயினின் காஸ்டீலோ போர்ச்சுகலோ அல்ல, ஹாலந்துதான் என்று அதில் அவர் அறிவித்தார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரிய மண்ணில், கத்தோலிக்கத் திருச்சபையின் சமய விசாரணை மன்றத்துக்கு அஞ்சித் தம் சமயத்தை மறைத்து வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், ஆள்வோரின் முகத்துக்கு நேரே, தம் சொந்தத் தொழுகைக் கூடத்தில் நின்று இப்படிச் சொல்ல முடிந்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அந்த உரை அவர்களுடைய பேச்சுமொழியான போர்த்துக்கீசியத்தில் அமைந்தது. எபிரேயம் அவர்களுடைய வழிபாட்டு மொழி. ஆள்வோருக்காக யூதர்கள் ஓதும் எபிரேய வேண்டுதல், விவிலியப் பாடல்களில் ஒன்றான 144ஆம் சங்கீதத்தைத் தழுவி, அரசர்களுக்கு வெற்றி அருள்பவரை விளித்துத் தொடங்கும். பின்னர் 1655இல், யூதர்களை இங்கிலாந்துக்குள் அனுமதிக்கும்படி அந்நாட்டை அப்போது ஆண்ட கிராம்வெல்லிடம் மன்றாடியபோது, தம் மக்களின் விசுவாசத்துக்குச் சான்றாக மெனாசே எடுத்துக்காட்டியது இந்த வேண்டுதலைத்தான். எஸ்னோகாவில் இன்றும் எபிரேய வழிபாட்டின் நடுவே நெதர்லாந்து அரச குடும்பத்துக்கான வாழ்த்து போர்த்துக்கீசிய மொழியில் ஒலிக்கிறது.

வரவேற்பு நடந்த பழைய கூடம் ஹவுட்கிராக்ட் கால்வாயின் ஓரத்தில் இருந்தது. கால்வாயும் பின்னர் தூர்க்கப்பட்டு, இப்போது வாட்டர்லூபிளைன் சதுக்கமாகிவிட்டது. நாம் காணும் எஸ்னோகா, எலியாஸ் பௌமன் கட்டி 1675இல் திறக்கப்பட்டது. பிரதான மண்டபத்தில் இன்றும் மின்விளக்கு கிடையாது. பித்தளைச் சரவிளக்குகளில் ஏறத்தாழ 1000 மெழுகுவர்த்திகளை ஏற்ற இடம் இருக்கிறது. பகலில் 72 சன்னல்களின் வெளிச்சமே போதுமானதாக இருக்கிறது. மரத்தரையில் மென்மணலைப் பரப்பியிருக்கிறார்கள். காலணியின் ஈரத்தையும் தூசியையும் அது உறிஞ்சிக்கொள்வதோடு காலடி ஓசையையும் அடக்கிவிடுகிறது. கூட்டமாக வருவோர்கூட அங்கே தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்தேன். யூத மறைநூலான தோராவின் சுருள்களை வைத்திருக்கும் பேழை பிரேசிலிலிருந்து வந்த ஜக்கராண்டா மரத்தால் ஆனது. அதன் கருஞ்சிவப்புச் செதுக்கு வேலைப்பாட்டைச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேர் எதிரே நின்றால் ஆழம் பிடிபடாது.

கூடத்தைவிட என்னை அதிகம் ஈர்த்தது, அதே வளாகத்தில் உள்ள, 1616 முதல் வளர்ந்துவரும் எட்ஸ் ஹைம் நூலகம். எண்கோணக் கூரைத் திறப்பின் வழியே இறங்கும் ஒளி, மரத்தாலான சுழல் படிக்கட்டு, கூரைவரை அடுக்கப்பட்ட தோலட்டை நூல்கள் ஆகியவற்றின் நடுவே நின்றபோது, மணவாழ்த்து எழுதுவதையே ஒரு கலையாக இந்தச் சமூகம் போற்றியது ஏன் என்பது விளங்கியது. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த மோஷே ஹைம் லுசாட்டோ 1743இல் தம் மாணவரின் திருமணத்துக்கென முழு எபிரேயக் கவிதை நாடகத்தையே இயற்றினார். அரசனின் திருமணத்தைப் பாடும் 45ஆம் சங்கீதத்தைச் சிறுவயது முதலே ஓதி வளர்ந்தவர்களுக்கு அது இயல்பாகவே வந்திருக்க வேண்டும். நாஜிகள் இந்நூல்களை ஜெர்மனிக்கு அள்ளிச் சென்றனர். போருக்குப் பின் அவை திரும்பி வந்தன. அவற்றைப் படித்திருக்க வேண்டிய மக்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. 2003இல் யுனெஸ்கோ இந்நூலகத்தை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

எஸ்னோகாவையும் அருகிலுள்ள யூத அருங்காட்சியகத்தையும் ஒரே நுழைவுச்சீட்டில் பார்க்கலாம். சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாள்களிலும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. மண்டபத்தில் வெப்பமூட்டும் வசதி இல்லாததால், குளிர்காலத்தில் செல்வோர் கனமான மேலங்கியைக் கழற்றாமல் உள்ளே செல்வது நல்லது. நூலகத்துக்கு வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும் என்பதால், அந்த நேரங்களை முதலில் விசாரித்துவிட்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.