புது பிளேயர் போட்ட பிறகு பேட்டரி இறங்குகிறதா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, பாளை பக்கம் காருக்கு ஆடியோ மாட்டக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது. கடையின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். பெயரைவிட, அங்கே என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்கு உதவும். ஏனென்றால் இதே வேலையை இதே மாதிரி செய்கிற கடை ஒன்றோடு நிற்காது.

என்னிடம் இருப்பது பழைய வேகன் ஆர், பெட்ரோல் வண்டி. கூடவே வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு 9 இன்ச் ஆண்ட்ராய்டு பிளேயரும், சீட்டுக்கு அடியில் வைக்கிற சப்வூஃபரும் (பாஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) போட்டேன். சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே இருக்கிற வகை சப்வூஃபர். வீட்டுப் பிள்ளைகளின் நச்சரிப்பு. சத்தம் நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

முதல் தொந்தரவு அன்றைக்கே தொடங்கியது. சாவியை அணைத்தால் ரேடியோ ஸ்டேஷன், நேரம், பாஸ் டிரெபிள் எல்லாம் அழிந்துபோகும். மறுபடி போட்டால் புது போன் மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடைக்குக் கொண்டுபோனேன். பையன் டேஷ்போர்டைப் பிரித்து, நான் எதிரே டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டி முடித்திருந்தான். “சரியாயிட்டு அண்ணாச்சி, இனிமே அழியாது.”

அழியவில்லைதான். ஆனால் சாவியைக் கையில் எடுத்த பிறகும் ஸ்கிரீன் எரிந்துகொண்டே இருந்தது. கேட்டதற்கு, “இந்த மாடல் அப்படித்தான் அண்ணாச்சி. எறங்கும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடிங்க, அணஞ்சிரும்” என்றான். பட்டனை அமுக்கினால் அணையவும் செய்தது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: சாவியைத் திருப்பி அணைத்ததும் பிளேயர் தானாக அணைய வேண்டும். நீங்கள் பட்டனைத் தேட வேண்டியிருந்தால் வயரிங் தப்பு. மாடல் அப்படியெல்லாம் கிடையாது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். வெளியில் வாங்குகிற பிளேயரின் பின்னால் முக்கியமாக நான்கு வயர்களைப் பார்க்க வேண்டும். மஞ்சள், எப்போதும் பேட்டரி கரண்ட் வருவது. ஸ்டேஷன், நேரம் எல்லாம் நினைவில் நிற்பது இதனால். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருவது; பிளேயர் விழிப்பதும் தூங்குவதும் இதைப் பார்த்துத்தான். கறுப்பு, எர்த். நீலம் அல்லது நீலத்தில் வெள்ளைக் கோடு, ‘நான் முழித்துவிட்டேன், நீயும் முழி’ என்று பிளேயர் ஆம்புக்குச் சொல்லும் வயர். முதல் தடவை மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாவி லைனில் கொடுத்திருக்கிறார்கள், அதனால் எல்லாம் அழிந்தது. நான் போய்க் கேட்டதும் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகக் கொடுப்பதற்குப் பதில், சேர்ந்த முறுக்கை அப்படியே தூக்கிப் பேட்டரி லைனில் போட்டுவிட்டார்கள். இப்போது பிளேயருக்குச் சாவி அணைந்ததே தெரியாது. பட்டனை அமுக்கினால் ஸ்கிரீன் மட்டும் இருட்டாகும், உள்ளே முழு விழிப்பு. நீல வயரில் கரண்ட் நிற்பதால் சப்வூஃபரும் கூடவே விழித்திருக்கும்.

தினசரி ஓட்டத்தில் இது பிடிபடாது. கே.டி.சி. நகரிலிருந்து ஆபீஸுக்குப் போய் வருகிற தூரத்தில், ராத்திரி இறங்கியதில் ஏதோ கொஞ்சம் ஏறிக்கொள்ளும். ஞாயிறு முழுக்க நின்றால் திங்கள் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். அதையும் ‘வண்டிக்கு வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடத் தோன்றும். பிறகு ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. வண்டியை ஜங்ஷன் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயில் ஏறினோம். திரும்பி நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து காலையில் இறங்கினால், ரிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். தள்ளிப் பார்த்தோம். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் இந்தக் காலத்து வண்டிகளைத் தள்ளிப் பிரயோசனமில்லை. பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யக் கரண்ட் வேண்டும். வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஒரு டாக்ஸிக்காரரிடம் ஜம்பர் வயர் வாங்கி ஸ்டார்ட் பண்ணினேன்.

நேரே அதே கடைக்குத்தான் போனேன். அவர்கள்தானே கை வைத்தவர்கள். பேட்டரியும் விற்கிறார்கள். முதலாளியே வந்து மல்டிமீட்டரை (வோல்ட், கரண்ட் அளக்கிற மீட்டர்) வைத்து, “11.7 காட்டுது ஸார். பேட்டரி போயிட்டு” என்றார். பேட்டரிமேல் பெரிய சுமை ஏற்றிப் பார்க்கிற லோடு டெஸ்டரையும் வைத்துக் காட்டினார். முள் விழுந்தது.

இங்கே ஒரு தகவல். நன்றாக இருக்கிற, முழு சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டாலே பெரும்பங்கு காலி. 11.7 என்றால் அது இறங்கிக் கிடக்கிறது என்பது மட்டும்தான் பொருள். கெட்டுப்போய்விட்டது என்பது அல்ல. இறங்கிக் கிடக்கிற எந்த பேட்டரியை லோடு டெஸ்டரில் வைத்தாலும் முள் விழத்தான் செய்யும். சார்ஜரில் போட்டு முழுக்க ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து, அப்புறம் சோதிப்பதுதான் முறை. பேட்டரி கம்பெனிகளின் சர்வீஸில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பேட்டரிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறதே என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. “வாரண்டிக்குக் குடுத்தா அவன் சார்ஜ் போட்டு, நல்லாத்தான் இருக்குன்னு திருப்பிக் குடுத்துருவான் ஸார். அலைச்சல்தான் மிச்சம்.” பேட்டரி நல்லாத்தான் இருந்தது என்பதை அந்த மனுஷன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார்! அலைச்சல் என்ற ஒரே சொல்லால் அதை மூடியும் விட்டார். பழையதை எடுத்துக்கொண்டு கழிவு போக, புது 35 ஆம்பியர்-அவர் (பேட்டரியில் எவ்வளவு கரண்ட் தங்கும் என்பதன் அளவு) பேட்டரிக்கு நாலாயிரத்துச் சொச்சம். வாரண்டி உள்ள என் பேட்டரி பழைய ஈய விலைக்குப் போனது.

புதுசும் இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? இந்தத் தடவை கடையின் தீர்ப்பு வேறு: “ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணல ஸார். ரீகண்டிஷன் ஒண்ணு போட்டுருவோம், ஏழாயிரத்துக்குள்ள முடிச்சுத் தாரேன்.” ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற பாகம். அப்போதுதான் மேலப்பாளையத்தில் ரொம்ப காலமாக ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பார்க்கும் ஒரு பாயைப் பற்றி என் அத்தான் சொன்னார். போர்டு இல்லாத கடை. லாரியும் டிராக்டரும்தான் அதிகம் நிற்கும்.

பாய் எதையும் பிரிக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு பேட்டரி முனையில் மீட்டரை வைத்தார். 14.2 வோல்ட். “ஆல்டர்னேட்டருக்கு ஒரு கேடும் இல்ல தம்பி. எவன் சொன்னான்?” அத்தோடு ஏழாயிரம் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் காட்டினால் பொதுவாக சார்ஜிங் சரி. ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற மீட்டரை வைத்து இதை நீங்களே பார்க்கலாம்.

பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பானெட்டைத் திறந்தே வைத்து, டிரைவர் கதவின் லாக்கை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அமுக்கி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தார். கதவு சாத்தியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும், உள்விளக்கு எரியாது. ஆனால் தேவைப்பட்டால் கதவைத் திறந்து ஃப்யூஸை எட்டலாம். நெகட்டிவ் முனையைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைத்தார், 10 ஆம்பியர் துளையில். “இப்பிடியே கெடக்கட்டும். வண்டி தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு ஒரு டிராக்டரின் டைனமோவைப் பார்க்கப் போய்விட்டார். பூட்டிய வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அடங்க அரை மணி நேரம்வரைகூட ஆகலாம். அதற்கு முன் காட்டுகிற எண்ணை நம்பக் கூடாது.

திரும்பி வந்து பார்த்தார். 0.86 ஆம்பியர். “பாத்தீரா? வண்டி தூங்கலவே.”

நிற்கிற வண்டி இழுக்க வேண்டியது சாதாரணமாக 0.05 ஆம்பியருக்குள். கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டரின் நினைவு, அவ்வளவுதான். 0.86 என்றால் ஒரு நாளைக்கு 20 ஆம்பியர்-அவருக்கு மேல். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அதைக் கொண்டு இரண்டு முழு நாள் தாங்காது. ஜங்ஷன் ஸ்டேஷனில் நடந்தது புரிந்தது.

அடுத்து, எது குடிக்கிறது என்று பார்க்கிற வேலை. சப்வூஃபருக்குப் பேட்டரியிலிருந்து நேரே வந்த வயரைக் கழற்றினார்: 0.44. உள்ளே போய் ரேடியோ ஃப்யூஸைப் பிடுங்கினார்: 0.02. வேறு எந்த ஃப்யூஸையும் தொடவே தேவைப்படவில்லை. அதன்பிறகுதான் டேஷ்போர்டைப் பிரித்தார். மஞ்சளும் சிவப்பும் கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். நம்ம ஊர் வெயிலில் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை உருகி, டேப்பே நழுவிக் கம்பி பாதி வெளியே தெரிந்தது.

பேட்டரி விஷயம்கூடப் பரவாயில்லை. என்னைப் பதற வைத்தது வேறு. சப்வூஃபரின் பவர் வயரில் ஃப்யூஸே இல்லை. அந்த வயர் பேட்டரியிலிருந்து கிளம்பி, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில் போட்ட ஓட்டை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல் உள்ளே வந்திருந்தது. தகர விளிம்பு உரசி வயரின் தோல் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால், தடுக்க ஒன்றுமில்லை. வயர் பழுத்துப் பற்றியிருக்கும். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, அரை மீட்டருக்குள். ஆம்ப் அருகில் இருக்கிற ஃப்யூஸ் ஆம்பைக் காக்கும், நடுவில் ஓடுகிற வயரைக் காக்காது. சப்வூஃபரோ ஆம்போ போட்டிருக்கிற எல்லோரும் இன்றைக்கே பானெட்டைத் திறந்து இதை மட்டுமாவது பாருங்கள்.

பாய் சிவப்பைச் சாவி லைனுக்கு மாற்றி, இணைப்புகளுக்கு ஈயம் வைத்து, டேப்புக்குப் பதில் சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போட்டு, பேட்டரி அருகே ஃப்யூஸும் ஓட்டைக்கு ரப்பரும் வைத்தார். மறுபடி மீட்டர்: 0.03. கூலியாக அவர் கேட்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதிகமாகக் கொடுத்தும் வாங்கவில்லை.

போட்டோக்களோடு கடைக்குப் போனேன். “வெளிய கை வச்சுட்டீங்க ஸார், இனிமே எங்க பொறுப்பு இல்ல” என்பதுதான் பதில். ஆல்டர்னேட்டர் போயிட்டு என்று சொன்னதைப் பற்றிக் கேட்டால், “மெக்கானிக் சொன்னதைத்தானே சொன்னோம்.” ஃபிட்டிங்குக்குக் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு, ஜி.எஸ்.டி. எண் கிடையாது. பேட்டரிக்கு மட்டும் பில் இருந்தது, கம்பெனி வாரண்டிக்கு அது வேண்டுமே. நல்லவேளை, பிளேயருக்குப் பணம் போனில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது.

பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் புகாரைப் பதிந்துகொள்கிறது, தமிழிலும் பேசலாம். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பழைய பேட்டரியைக் கழிவுக்குக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணையாவது போட்டோ எடுத்து வையுங்கள். என்னுடையதற்கு வாரண்டி அட்டை வீட்டில் கிடந்ததால் தப்பித்தது.

மீட்டரைத் தொடராக வைத்துப் பார்ப்பவர்களுக்கு: அது இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டார்ட் பண்ணவே கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும், மீட்டரே போனாலும் போகும். பயமாக இருந்தால் நல்ல எலெக்ட்ரீஷியனிடம் டி.சி. கிளாம்ப் மீட்டர் இருக்கும், எதையும் கழற்றாமல் வயரைக் கவ்வியே அளந்துவிடுவார். கடையிலிருந்து வண்டியை எடுக்கும் முன்பே இதை அளந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வண்டியை ஊரில் விட்டுவிட்டுச் சென்னையிலோ துபாயிலோ இருப்பவர்கள் எப்படியும் 10 நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். கடிகாரமும் ஸ்டேஷனும் அழியும். சில வண்டிகளின் ஒரிஜினல் ஸ்டீரியோ ரகசிய எண் (code) கேட்கும், அதை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1915-இல் பதிந்த பிறகு கடையிலிருந்து போன் வந்தது. ஃபிட்டிங் கூலியைத் திருப்பித் தருகிறார்களாம், பேட்டரிக் காசு கிடையாதாம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். இரண்டும் சேர்த்துத் தந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆணையத்துக்கான மனுவை எழுதி, போட்டோக்களையும் பாயின் ரசீதையும் இணைத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.