இன்றைக்கு என்ன மசாலா? ரயில் அறிவிப்புகளோடு பன்னிரண்டு ஆண்டுகள்

விடிவதற்கு வெகுநேரம் முன்னால் என் கைப்பேசியில் ஒரே ஒரு சொல் வந்து விழும்: ‘ஜாலான்’. மலாயில் சாலை, நடை, கிளம்பு என்று பல பொருள் அதற்கு. எங்கள் ஏழு பேர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பொருள்தான்: வண்டி புறப்படும் முதல் நிலையமான தஞ்சோங் மாலிமிலிருந்து நகர்ந்துவிட்டது. அனுப்புகிறவர் அங்கே ஏறும் ஓர் அக்கா. அடுத்த நிலையம் கோலகுபு பாரு, அதற்கடுத்தது எங்கள் ராசா. அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு எனக்குக் குளிக்கவும் ஒரு குவளை மைலோ குடிக்கவும் நேரம் இருக்கும். சொல் வராத காலைகளில் அவசரப்பட்டுப் பயனில்லை என்பதால் தோசை சுட்டுச் சாப்பிட்டுவிட்டே கிளம்புவேன்.

ராசா என்றதும் தமிழ்நாட்டு உறவினர்களுக்குச் சிரிப்பு வரும். மலாயில் அது சுவை, உணர்வு. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து வடகோடியில் செம்பனைக்கு நடுவே ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு ரயில் நிலையம், அவ்வளவுதான் ஊர். மின்சார ரயில் 2007-இல் ரவாங்கிலிருந்து இங்கே வந்தது. 2009-இல் தஞ்சோங் மாலிம்வரை நீண்டது. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இதில் கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒருவழிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டி, குளிர்சாதனம், இருக்கை பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது மின்பலகையையும் ஒலிபெருக்கியையும் பற்றி, அதாவது வண்டியைக் குறித்து எங்களுக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதைப் பற்றி.

முதலில் மின்பலகை. நான் நிற்கும் இடத்துக்கு நேர்மேலே ஒன்று தொங்கியது. அதில் ஒரு வரிசை விளக்குகள் செத்துப்போய் எட்டும் ஆறும் ஒன்றுபோலத் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. ஆறு மணி வண்டி என்று பலகை சொல்லும். ஆறு ஆகும், ஆறே கால் ஆகும், தண்டவாளத்தில் ஒரு நாய் குறுக்கே போகும். பிறகு அந்த வரி சத்தமின்றி மறைந்து அடுத்த வண்டியின் நேரம் முதலிடத்துக்கு ஏறிவிடும். வராத வண்டி வந்துபோனதாகவே கணக்கு. பக்கத்தில் நிற்கிறவர் நம்மைப் பார்ப்பார், நாம் அவரைப் பார்ப்போம். தாமதம் என்று ஒரு சொல்லும் அதில் வராது.

இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. இத்தகைய பலகை படிப்பது அச்சிட்ட கால அட்டவணையை, வண்டியை அன்று. வண்டி எங்கே நிற்கிறது என்பது சிக்னல் அமைப்புக்குத்தான் தெரியும். அதற்கும்கூடத் தண்டவாளத்தின் எந்தத் துண்டில் வண்டி இருக்கிறது என்பதுதான் தெரியுமே தவிர, ராசாவுக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று தெரியாது. துண்டை நிமிடமாக மாற்ற ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் பலகைவரை கொண்டுவர ஓர் இணைப்பு வேண்டும். இவை இல்லாதவரை பலகை ஒரு கடிகாரம், அவ்வளவுதான். இப்போது அரசின் திறந்த தரவுத் தளத்தில் ரயில்களின் நிகழிடமே வெளியாகிறது. அதை வைத்து யாரும் வரைபடம் போடலாம். என் மகன் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினான். புள்ளி நகர்ந்தால் வண்டி நகர்கிறது. புள்ளி உறைந்துவிட்டால் நின்றது வண்டியா தரவா என்பதை அக்காவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு வருகிறேன். எனக்கு இதில் கொஞ்சம் தனிப்பட்ட கோபம் உண்டு. நான் பிறந்த தோட்டத்தில், காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கும். விடியுமுன் அதைத் தட்டினால் கடைசி லயத்தில் தூங்குகிறவருக்கும் கேட்கும், புரியும். இன்றைய நடைமேடையில் அதே இரும்பின் மேல் கோடி கோடியாய்ச் செலவழித்து வண்டி ஓடுகிறது. தலைக்கு மேல் வருகிற குரல் மட்டும் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கிறது. மாலை ஐந்து மணி மழை தகரக் கூரையில் இறங்கினால் அதுவும் இல்லை.

ஒலியமைப்பு வேலை செய்யும் என் தம்பி இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. நடைமேடையின் இரண்டு கோடியிலும் பெரிய குழல் ஒலிபெருக்கி வைத்தால், நடுவில் நிற்கிறவர் காதில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை, சற்று முன்பின்னாக விழும். கூரையும் சுவரும் அதை இன்னும் பெருக்கும். கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால் குழப்பம்தான் கூடும். பேச்சு எவ்வளவு தெளிவாகச் சேர்கிறது என்பதை அளக்க 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல் இருக்கிறது. பொது இடத்து அறிவிப்புக்குக் குறைந்தது 0.5 வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. சிறிய ஒலிபெருக்கிகளை நெருக்கமாக வைத்து மெல்லப் பேசவிட்டால் அந்த அளவை எட்டிவிடலாம் என்கிறான். கோயில் திருவிழாவில் அவன் அப்படித்தான் கட்டுகிறான்.

குரல் தெளிவாக விழுந்த நாள்களிலும் அதில் இருப்பது பெரும்பாலும் ஒரே வாசகம்: ‘மசாலா தெக்னிக்கல்’, தொழில்நுட்பப் பிரச்சினை. மலாயில் மசாலா என்றால் சிக்கல். இடி விழுந்தாலும் மசாலா, கம்பி திருட்டுப் போனாலும் மசாலா, முன்னால் சரக்கு வண்டி மறித்து நின்றாலும் மசாலா. அதனால் எங்கள் குழுவில் தாமதம் என்ற சொல்லே கிடையாது. “இன்றைக்கு என்ன மசாலா?” என்று ஒருவர் கேட்பார். “மீன் மசாலா” என்றால் பத்து நிமிடம், “ஆட்டிறைச்சி” என்றால் வீட்டுக்குச் சொல்லிவிடு என்று பொருள்.

பெட்டிக்குள் வரும் தானியங்கி அறிவிப்பு நல்லது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறும்போது மட்டும் வேடிக்கை: ஒரு நிலையம் பிசகிவிட்டால் வழி முழுக்க அதே பிசகு தொடரும். ஒருநாள் கெப்போங்கில் நிற்கும்போது குரல் இன்னும் முந்தைய நிலையமான சிகாம்புட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது. இருட்டில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த புதியவர் ஒருவர் சுங்கை பூலோ வந்தும் இறங்காமல் குவாங் போய்ச் சேர்ந்தார்.

எங்களைப் போன்ற பழகியவர்களுக்கு எதுவும் பெரிதன்று. அறிவிப்பு என்பது பழகாதவர்களுக்காக இருப்பது, அங்கேதான் அது கைவிடுகிறது. தைப்பூசத்தின்போது பாருங்கள். பத்துமலைக்கு ரயில் 2010-இல் வந்தது, கோயிலடியிலேயே நிலையம். திருவிழா நாள்களில் இரவெல்லாம் வண்டி ஓடும். வடக்கிலிருந்து போகிற நாங்கள் புத்ரா நிலையத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டித்தான் இரண்டு தடங்களும் பிரிகின்றன. திரும்பும்போதும் அங்கேயே மாற்றம். பால்குடமும் பையும் பேரப்பிள்ளையுமாக வருகிற பாட்டிக்கு எந்த வண்டியில் ‘தஞ்சோங் மாலிம்’ என்று எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. குரல் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும். தோட்டத்து மலாய் அவர்களுக்குத் தெரியும், அறிவிப்பு மலாய் தெரியாது. அந்த இரவுகளில் நானே அறிவிப்பாளர். “பாட்டி, இது பத்துமலைக்கே திரும்பிப் போகிறது, ஏறாதீர்கள்!” என்று கத்தித் தொண்டை போய்விடும்.

மின்சார நிலைய வேலியில் மண்டையோட்டுக்குக் கீழே ‘அபாயம்’ என்று நல்ல தமிழில் எழுதியிருப்பார்கள். சாகிற விஷயமென்றால் தமிழில் சொல்கிறார்கள் என்று அம்மா சொல்வார். ஆனால் மொழி மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். சென்னைக்குப் போனபோது எழும்பூரில் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு அடுத்த வரி எதிரொலியில் கரைந்துபோனது. பக்கத்திலிருந்த போர்ட்டரைக் கேட்டுத்தான் நடைமேடையைத் தெரிந்துகொண்டோம்.

பன்னிரண்டு ஆண்டுகளில் நான் கேட்ட மிகச் சிறந்த அறிவிப்பு எது என்றால் தயங்காமல் சொல்வேன். நகரத்து நிலையம் ஒன்றில், மாலை நெரிசலில், அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் வரவில்லை. பலகை வழக்கம்போல் வரிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது வண்டி எதிர் நடைமேடைக்கு வரப்போகிறது என்று அது வந்து நிற்கும் தருணத்தில்தான் குரல் சொன்னது. மேம்பாலப் படியில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஏறினார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி முழங்காலடித்து விழுந்தார், வண்டியும் போய்விட்டது. அப்போது பணியாள் ஓர் இளைஞர், மலாய்க்காரத் தம்பி, கையில் ஒலிபெருக்கியோடு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார். சிக்னல் பழுது, எப்போது சரியாகும் என்று எனக்கும் தெரியாது, பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சொல்கிறேன் என்றார். சொன்னபடி வந்தார். இன்னும் தெரியவில்லை, பஸ்ஸில் போக முடிந்தவர்கள் போய்விடுங்கள் என்றார். மறுபடியும் வந்தார். மூன்றாம் முறை வரும்போது கூட்டமே அவருக்கு வழிவிட்டது. யாரும் திட்டவில்லை.

அவருடைய மேலதிகாரிகளைக் குறை சொல்வதும் எளிதன்று. கோளாறு நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் முதல் வேலை வண்டியை நகர்த்துவது. பயணிக்குச் சொல்வது அதற்குப் பிந்திய வேலை. அந்த இரண்டாவது வேலைக்கென்று தனி ஆள் இல்லாத இடத்தில் குரல் தாமதமாகத்தான் வரும். ஜப்பானில் வண்டி சில நிமிடம் பிந்தினாலே ரயில் நிறுவனம் தாமதச் சான்றுச்சீட்டு தருகிறது, அலுவலகத்தில் காட்டலாம். இங்கே அப்படி ஒன்று வந்தால் என் மேலாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்.

நிலைமை மோசமாகவே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முன்பு ரவாங்கில் ஷட்டில் வண்டி மாறவேண்டிய காலத்தில், இணைப்பு வண்டி காத்திருக்குமா இல்லையா என்பதைக் கதவு மூடும் ஓசையில்தான் அறிந்துகொள்வோம். இப்போது கிள்ளான் துறைமுகம்வரை நேர்வண்டி. பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்பதற்கு நடைமேடையில் இளஞ்சிவப்புக் குறி இருக்கிறது. எந்தக் குரலும் இல்லாமல் அது தன் வேலையைச் செய்கிறது. என் தலைக்கு மேலே இருந்த பலகையையும் மாற்றிவிட்டார்கள். எட்டு இப்போது எட்டாகத் தெரிகிறது.

நான் எதை நம்புகிறேன் என்றால், முதலில் அக்காவின் ஒற்றைச் சொல், பிறகு கண்ணெதிரே நிற்கும் பணியாள், பிறகு நகரும் புள்ளி. பலகையை மணி பார்க்க வைத்திருக்கிறேன்.

அக்கா வருகிற மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். எங்கள் குழுவில் தஞ்சோங் மாலிமில் ஏறுகிறவர் வேறு யாரும் இல்லை. கடைசிப் பெட்டியில் தினமும் ஜெபமாலை உருட்டிக்கொண்டு வருகிற ஒரு பெரியவர் அங்கிருந்துதான் ஏறுகிறார் என்று தெரிய வந்திருக்கிறது. அவரிடம் வாட்ஸ்அப் இருக்கிறதா என்று திங்கட்கிழமை கேட்கவேண்டும்.