30 டாலருக்கு ஜான் வெய்ன்: ரசிகர் குழுவில் ஒரு வருடம்

பழைய ஹாலிவுட் கௌபாய் படங்களின் நாயகர் ஜான் வெய்னின் ரசிகர் குழு ஒன்றில் நான் உறுப்பினர். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிப் போன வாரம் மின்னஞ்சல் வந்தது. கட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத நான்கு பெரியவர்கள். அவர்களை வம்புக்கு இழுக்க எனக்கு ஆசை இல்லை.

நான் அயோவாவில், டெ மாய்னில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். நடுராத்திரி இடைவேளையில் ஓய்வறை டிவியில் ஏதாவது ஒரு பழைய வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி அரைத் தூக்கத்தில் மாட்டியதுதான் 'ரியோ பிராவோ'. ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்கு யாரும் வாயே திறப்பதில்லை. குடிக்கக் காசில்லாமல் நிற்கும் டீன் மார்ட்டினுக்காக ஒருவன் எச்சில் துப்பும் படிக்கத்துக்குள் நாணயத்தை வீசுகிறான். அவர் அதை எடுக்கக் குனியும்போது, ஒரு பூட்ஸ் கால் வந்து படிக்கத்தை எட்டி உதைக்கிறது. கேமரா மேலே போனால் ஜான் வெய்ன். திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை. ஒரு பார்வை, அவ்வளவுதான். காபி ஆறிப்போனது எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் கையில் கிடைத்த டிஸ்க்கையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு இதில் துளி ஆர்வம் இல்லை. "உன் ஆளு வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார். பேச ஆள் வேண்டியிருந்தது. வருடத்துக்கு 30 டாலர் கட்டிச் சேர்ந்தேன்.

சேர்வதற்கு ஒரு படிவம் உண்டு. பெயர், ஊர் தவிர ஒரே ஒரு கேள்வி: முதலில் பார்த்த படம் எது, எங்கே பார்த்தீர்கள்? படிக்கம், ஓய்வறை, ஆறிய காபி எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து 'வருக' என்று ஒரு வரி பதில் வந்தது. உறுப்பினர் அட்டையும் சட்டையில் குத்தும் பேட்ஜும் தபாலில் ஒழுங்காக வந்துவிட்டன. ஜனவரி தொடங்கும் காலண்டர் மார்ச் மூன்றாம் வாரம் வந்தது. அதற்கு என்ன சொல்வது?

குழுவின் உயிரே சனிக்கிழமைக் கூட்டம்தான். மாதத்துக்கு இரண்டு முறை, அமெரிக்க மத்திய நேரப்படி இரவு 7 மணிக்கு. காப்புரிமை இருப்பதால் வீடியோ அழைப்பில் படத்தை ஓட்ட முடியாது. அதனால் அவரவர் வீட்டில் அவரவர் டிஸ்க்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். நடத்துகிறவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுவார், எல்லோரும் ஒரே நேரத்தில் பிளே அழுத்த வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். முதல் நாள் எனக்கும் சிரிப்பு வந்தது. ஒருவர் ரிமோட்டைத் தேடுவார், இன்னொருவரின் டிஸ்க் முன்னோட்டங்களைத் தாண்டவே விடாது, கலிபோர்னியாக்காரர் ஐந்து மணி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1930-களில் வெய்ன் நடித்த மலிவுப் படங்களைப் போடும் வாரங்களில் நிலைமை இன்னும் மோசம். அவற்றுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல பிரதிகள். ஒருவர் வீட்டில் குதிரை ஓடும், இன்னொருவர் வீட்டில் அது ஏற்கனவே ஓடி முடித்திருக்கும். என் பிரதியில் யாரோ பிற்காலத்தில் சின்தசைசர் இசையை வேறு ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த இரவுகளைத் தாராளமாகத் தவறவிடலாம்.

ஆனால் நல்ல படம் ஓடும் இரவில் இவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடில்லை. 'ஸ்டேஜ்கோச்' படத்தை அதற்கு முன் நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். 1939-இல் வெய்னை நட்சத்திரமாக்கிய படம். சாலையோரம் நின்று கோச் வண்டியை மறித்து, ஒரு கையால் வின்செஸ்டர் துப்பாக்கியைச் சுழற்றுவார். கேமரா வேகமாக அவர் முகத்தை நோக்கிப் பாயும். டெக்சாஸில் இருக்கும் ஒரு தாத்தா, குதிரைகளுக்கு லாடம் அடித்தே வாழ்ந்தவர், "நிறுத்து, பின்னால போ" என்றார். அந்தப் பாய்ச்சலின் நடுவே ஒரு கணம் முகம் மங்கிப் பிறகு தெளிகிறது. ஃபோகஸ் பிசகியிருக்கிறது. இயக்குநர் ஜான் ஃபோர்டு அதை அப்படியே விட்டுவிட்டார். துப்பாக்கியின் லீவர் வளையம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதே அப்படிச் சுழற்றுவதற்காகத்தான் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கதை நடப்பது 1880-இல், துப்பாக்கியோ 1892 மாடல். இதைச் சொல்லிவிட்டுத் தாத்தா சிரித்தார் பாருங்கள், ஃபோர்டு கடன் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி!

'தி சர்ச்சர்ஸ்' கடைசிக் காட்சியும் அப்படித்தான். எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுகிறார்கள், வெய்ன் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கிறார். இடது கையால் வலது முழங்கைப் பக்கம் பிடித்துக்கொள்கிறார். களைப்பு என்று நினைத்திருந்தேன். மௌனப்பட காலத்து வெஸ்டர்ன் நடிகர் ஹாரி கேரி நிற்கும் விதம் அது. கேரி 1947-இல் இறந்துவிட்டார். அவர் மனைவி ஆலிவ் கேரி இந்தப் படத்தில் அந்த வீட்டுக்காரம்மாவாக நடித்திருக்கிறார். அவர் கண் முன்னால்தான் வெய்ன் அப்படி நின்றார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இனி குறை. பெரிய குறை.

அதே இரவு, படம் முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்டேன். கோமாஞ்சி என்ற பூர்வகுடியின் தலைவனாக நடித்தவர் ஹென்றி பிராண்டன், பெர்லினில் பிறந்த வெள்ளைக்காரர். அவருக்குப் பின்னால் கோமாஞ்சிகளாக நிற்பவர்கள் வேறொரு பூர்வகுடியான நவஹோ மக்கள். டெக்சாஸ் என்று காட்டுவது அந்த நவஹோ மக்களின் மண்ணான மான்யுமென்ட் பள்ளத்தாக்கு. பூர்வகுடிகளை இப்படிக் காட்டிய படங்களின் நாயகர், 1971-இல் பிளேபாய் பத்திரிகைப் பேட்டியில் கறுப்பின மக்களையும் பூர்வகுடிகளையும் பற்றி இழிவாகப் பேசியதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? நான் சண்டைக்குப் போகவில்லை. உண்மையாகவே இவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. திரையில் இருந்த முகங்களில் பழுப்பு நிறம் என்னுடையது மட்டும்தான் என்பது கேட்டு முடித்த பிறகே எனக்கு உறைத்தது.

கூட்டம் நடத்தியவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "இங்கே அரசியல் பேசுவதில்லை, விதியில் இருக்கிறது." அடுத்த நிமிடம் யாரோ குதிரைச் சேணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு கணம் மங்கிய ஃபோகஸைக் கண்டுபிடிக்கிற கண்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரியும், பேச மாட்டார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சலாகவே இருந்தது. இருந்த கோபத்தில் விலகல் கடிதம்கூட எழுதி வைத்தேன்.

அனுப்பாமல் இருந்ததற்கு ஒக்லஹோமாவில் இருக்கும், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாதான் காரணம். 'அதிகாரபூர்வக் கூட்டம் முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் வேறு அழைப்பில் பேசுவோம், வாம்மா' என்கிற தொனியில் தனியாக எழுதியிருந்தார். போனேன். அங்கே எல்லாம் பேசுகிறார்கள். 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் வெய்ன் நடித்த ஈதன், பூர்வகுடிகள் மீதான வெறுப்பில் வெந்துபோன ஆள், அது ஃபோர்டுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் கடைசியில் கதவு அவன் முகத்தில் மூடுகிறது என்பது டீச்சரம்மாவின் கட்சி. அப்படியானால் தலைவனாக நடிக்க ஒரு பூர்வகுடி நடிகரைத் தேடியிருக்கலாமே என்பது என் கட்சி. மணி பன்னிரண்டாகியும் முடியவில்லை. என்னைக் கேட்டால் 30 டாலரில் 20 டாலர் இந்த ஐந்து பேருக்குத்தான் போக வேண்டும். ஆனால் உள்ளே வந்து ஒரு அடி வாங்காமல் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே தெரியாது.

குழுவின் கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ரெட் ரிவர்' 1946-இல் எடுக்கப்பட்டு 1948-இல் வெளிவந்த படம். அதில் வரும் மாட்டுப் பண்ணையின் சூட்டுக்குறி இரண்டு அலைக்கோடும் ஒரு 'D' எழுத்தும். அந்தக் குறி போட்ட பெல்ட் பக்கிளை வெய்ன் பிறகு வேறு பல படங்களிலும் கட்டிக்கொண்டார், 'ரியோ பிராவோ'விலும் பார்க்கலாம். அதன் நகலை 35 டாலருக்கு வாங்கினேன். மூன்று வாரத்தில் ஓரம் கறுத்துவிட்டது, கொக்கி ஜீன்ஸ் துணியைக் கிழிக்கிறது. திருப்பி அனுப்பலாமா என்று கேட்டதற்கு, "பழையது மாதிரி இருப்பதுதானே அழகு" என்று பதில். வாங்காதீர்கள்.

மே கடைசியில் வெய்னின் பிறந்தநாளையொட்டி விண்டர்செட்டில் நேரில் சந்தித்தோம். எனக்கு முக்கால் மணி நேரக் கார்ப் பயணம்தான். மற்றவர்கள் விமானம் ஏறி வந்தார்கள். 1907 மே 26 அன்று அவர் பிறந்த வீடு நான்கே அறை. குழந்தையின் எடை 13 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 6 கிலோ. அந்த அம்மாவை நினைத்து ஒரு நிமிடம் கும்பிட்டுக்கொண்டேன். அப்பா கிளைட் மாரிசன் அந்த ஊர் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர் என்று கேட்டதும் எனக்கு ஏதோ சொந்தம் விட்டுப்போன மாதிரி ஒரு பெருமை. பக்கத்திலேயே 2015-இல் திறந்த அருங்காட்சியகம். அவர் உயரத்துக்குத் தோதாகக் கூரையைத் தூக்கிக் கட்டிய பான்டியாக் கார் உள்ளே நிற்கிறது. லாடத் தாத்தா அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். வீடியோ அழைப்பில் பெரிய ஆளாகத் தெரிந்த தாத்தா, நேரில் என் தோள் உயரம்தான்.

அப்புறம் அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. படம் 'தி ஷூட்டிஸ்ட்', 1976-இல் வந்த அவருடைய கடைசிப் படம். புற்றுநோயில் சாகப்போகும் துப்பாக்கிக்காரராக வருகிறார். 1964-இலேயே நிஜத்தில் புற்றுநோய்க்கு ஒரு நுரையீரலைக் கொடுத்தவர். படம் வந்து மூன்று வருடத்தில், 1979 ஜூனில், வயிற்றுப் புற்றுநோயில் போய்விட்டார். டாக்டராக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வலிக்கு லாடனம் கொடுப்பார். படம் முடிந்ததும் யாரோ "அது என்ன மருந்து?" என்று கேட்டார்கள். பதிலே இல்லை. துப்பாக்கி என்றால் முந்திக்கொள்கிற அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

நான் மைக்கைத் திறந்தேன். அபினைச் சாராயத்தில் ஊற வைத்து இறக்கும் டிஞ்சர், துளிக் கணக்கில் கொடுக்க வேண்டும், கொஞ்சம் கூடினால் மூச்சு நின்றுவிடும், மார்ஃபின் அதற்குள்தான் இருக்கிறது. அந்த மனிதர் பாட்டிலோடு குடிக்கிற காட்சியில் அவருக்கு எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று அளவை வைத்தே சொல்லலாம். பத்து நிமிடம் பேசியிருப்பேன். யாரும் குறுக்கே வரவில்லை. சேணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் அந்தக் கூட்டம் நடத்துகிறவரே, என்னிடம் விதியைச் சொன்ன அதே மனிதர், தன் மனைவி கடைசி இரண்டு மாதம் மார்ஃபினில் இருந்ததைச் சொன்னார். அதன் பிறகு எனக்குக் குழுவில் 'ஃபார்மசி' என்று பெயர்.

துப்பாக்கியும் குதிரையும் வேண்டும், கேள்வி வேண்டாம் என்பவர்கள் யோசிக்காமல் சேரலாம். கேள்வி உள்ளவர்கள் முதல் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், டீச்சரம்மா உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். காலண்டருக்காகச் சேராதீர்கள்.

நேற்று 30 டாலர் கட்டிவிட்டேன். வரும் சனிக்கிழமைக்கு ஷிப்ட் மாற்றித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.