ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம்: மிரட்டும் ஷரத்து வேறு, கழுத்தை இறுக்கும் ஷரத்து வேறு

கோவையில் ஃப்ரீலான்ஸ் டிசைனராக இருக்கிறேன். பெங்களூரு ஏஜென்சி ஒன்றின் மூலம் ஒரு மசாலா கம்பெனிக்கு லோகோவும் பாக்கெட் டிசைனும் செய்து கொடுத்தேன். ஃபைல்களை வாங்கிக்கொண்டார்கள், பாக்கெட்டுகள் கடைக்கே வந்துவிட்டன, பணம் மட்டும் வரவில்லை. "க்ளையன்ட் எங்களுக்குக் கொடுத்தாத்தான் உங்களுக்கு, அக்ரிமென்ட்லயே இருக்கே சார்" என்றார்கள். விடாமல் கேட்டதும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு உணவுத் துறையில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாதாம், நான் செய்துவிட்டதால் பாக்கியைத் தர மாட்டார்களாம்.

இந்தத் தடையைப் பார்த்துத்தான் நம்மில் பலர் பயந்து ஒதுங்குகிறோம். பயம் தேவையில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடையைப் பொறுத்தவரை செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டிப்போடும் ஷரத்தை ஏற்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போட்டி கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்றிருந்தால் அது பெரும்பாலும் செல்லும். அதில் கவனமாக இருங்கள்.

உண்மையில் கழுத்தை இறுக்குவது உரிமை மாற்ற ஷரத்து. ஃப்ரீலான்ஸர் சம்பள ஊழியர் அல்ல. அதனால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பின் முதல் உரிமை பொதுவாக நம்முடையது. புகைப்படம், ஓவியம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. எழுத்துமூலமாக நாம் மாற்றிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். இவர்கள் ஒப்பந்தத்திலோ "உருவாக்கிய உடனே உரிமை ஏஜென்சிக்கு" என்று இருந்தது. பணம் வராவிட்டாலும் பாக்கெட்டை நிறுத்தச் சொல்ல முடியாதபடி செய்யும் வேலை இது. உழைப்பை முதலில் எழுதி வாங்கிவிட்டு, கூலியை மூன்றாம் ஆள் கையில் விடுவது அநியாயம்.

பணத்துக்கு வேறு வழி இருக்கிறது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்தால் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இது, அரசுத் தளத்தில் இலவசம்தான்), 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. டெலிவரி கொடுத்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அதற்கப்புறமும் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. எனக்குப் பதிவு ஏற்கெனவே இருந்ததால் பணம் தாமதமாவது பற்றிச் சிறு தொழில்கள் புகார் செய்வதற்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஏஜென்சி இப்போதும் ஆள் தேடுகிறது. இதே மாதிரி ஒப்பந்தம் உங்களுக்கும் வந்தால், "முழுத் தொகையும் கிடைத்த பிறகே உரிமை மாறும்" என்று திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். "க்ளையன்ட் கொடுத்த பிறகு" என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார்" என்று ஃபோனில் சொன்னால், அதையே மெயிலில் எழுதித் தரக் கேளுங்கள். அது வரும்வரை ஒரிஜினல் ஃபைலைக் கொடுக்காதீர்கள்.