கரையேறும் பாம்பும் கரையே வேண்டாத பாம்பும்

மஞ்சள் உதட்டுக் கடல் கட்டுவிரியன், மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு இரண்டும் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. துடுப்புப் போன்ற வாலும் கொடிய நஞ்சும் இரண்டுக்கும் உண்டு. வாழும் விதம்தான் முற்றிலும் வேறு.

கட்டுவிரியன் பவளப்பாறை இடுக்குகளில் புகுந்து விலாங்கையும் அதைப் போன்ற அஞ்சாலை மீனையும் பிடிக்கும். பிறகு கரையேறிப் படுத்துச் செரிக்கும். தோல் உரிப்பது, முட்டையிடுவது எல்லாம் நிலத்தில்தான். அகன்ற வயிற்றுச் செதில்கள் பாறையில் ஏற உதவுகின்றன. அந்தமான் கரையில் இதைப் பார்க்கலாம்.

மஞ்சள் வயிற்றுப் பாம்போ நடுக்கடலிலேயே குட்டி போடுகிறது. கரையில் ஒதுங்கிவிட்டால் ஊர்ந்து தப்பவும் அதற்குத் தெரியாது. ஆனால் கடலில் அதன் திறமையே தனி! குப்பையும் நுரையும் சேரும் நீரோட்டக் கோட்டில் அசையாமல் மிதக்கும். நிழல் தேடிச் சிறுமீன்கள் வால் பக்கம் ஒதுங்கும். பாம்பு மெல்லப் பின்னோக்கி நீந்தி, மீன்கள் தலைக்கு அருகே வந்ததும் சட்டெனப் பக்கவாட்டில் கவ்வும். தேய்க்கப் பாறை இல்லாததால், தன் உடலையே முடிச்சுப் போட்டு உருவிப் பழைய தோலைக் கழற்றுகிறது. மூழ்கியிருக்கும்போது ஆக்சிஜன் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வரை தோல் வழியே பெறுகிறது.

எனக்கு வியப்பூட்டுவது இந்த மஞ்சள் வயிற்றுப் பாம்புதான். ஆனாலும் கூடுதல் கவலை கட்டுவிரியனைப் பற்றியே: பவளத்திட்டு, அமைதியான கரை இரண்டில் எது அழிந்தாலும் அதற்கு வாழ்வில்லை. குடிநீரில் மட்டும் இரண்டும் ஒன்று. கடல்நீர் ஆகாது, மழைநீரோ நன்னீரோ வேண்டும்.