ஹீட்டரே போடாத ஊரில் ஹீட்டர் ஒழுகிய கதை

"அண்ணே, ஒங்க மாடல்லயே ஒரு பழைய டீசல் வண்டி வருது, எடுக்கலாமா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். மைலேஜ், இழுவை எல்லாம் அவனுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது இடது பக்கம் காலடியில் கிடக்கும் மேட் பற்றி.

போன சித்திரையில் முன் சீட்டில் இருந்த அம்மா, "கால் ஈரமா இருக்கே" என்றாள். பாளையங்கோட்டையில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "ஏசி தண்ணி அண்ணாச்சி, டியூப் அடைச்சிருக்கு" என்று காற்றடித்துவிட்டார்கள். கோடையில் அப்படித்தான் யாருக்கும் தோன்றும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறுமாதமும் அதே ஈரம், அதே பதில், அதே கூலி.

ஐப்பசியில் ஒரு வாரம் ஏசியே போடவில்லை. வண்டி ஷெட்டுக்குள் நின்றதால் மழைத் தண்ணீரும் இல்லை. அப்படியும் மேட் நனைந்திருந்தது. வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். பச்சை நிறம், விரலில் வழவழப்பு, லேசான இனிப்பு வாடை. ஏசித் தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முன் கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பானெட்டைத் திறந்தால், இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவத்தின் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது.

ஹீட்டரைத் தொட்டதே இல்லையே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் என் வண்டியில் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் இன்ஜினின் சூடான கூலன்ட் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டர் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். குமிழைத் திருப்பினால் காற்று போகும் வழி மட்டும்தான் மாறும்.

வண்ணார்பேட்டையில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஒரு பெரியவர்தான் முறையாகப் பார்த்தார். இன்ஜின் நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடவிடவில்லை. பிறகு கைப்பம்பை மாட்டி ஒரு பார் அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை, மேட்டில் மட்டும் கசிந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் கழற்றி, கோருக்குள் கூலன்ட் போகாதபடி ஒன்றோடொன்று இணைத்து, "ரெண்டு வாரம் ஓட்டிட்டு வாங்க" என்றார். கூலன்ட் அளவு அசையவே இல்லை. நோய் உறுதியாகிவிட்டது.

என் பங்கும் இதில் உண்டு. திசையன்விளைப் பக்கம் போகும்போதெல்லாம் கூலன்டுக்குப் பதில் உப்புப் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். கோரின் அலுமினியத்தை அது அரிக்காமல் என்ன செய்யும்?

நம் வெயிலுக்கு அந்த இணைப்போடேயே ஓட்டியிருக்கலாம். நான் ஹீட்டர் கோரை மாற்றினேன். டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற இரண்டு நாள் ஆனது. அங்கேதான் எனக்குக் கோபம். கையகலப் பொருளை எடுக்க முழு டேஷ்போர்டையும் பிரிக்கும்படி ஏன் வைக்க வேண்டும்? பூட்டிய நாளிலிருந்து ஸ்டியரிங் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். நாங்குநேரி தாண்டினால் அது மட்டும்தான் காதில் விழுகிறது. இன்ஜின் இன்றும் புதிது போல இழுக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. அந்த மேட்டை முற்றத்தில் அலசாதீர்கள். கூலன்ட் இனிக்கிறது என்று நாய் நக்கினால் உயிரே போய்விடும்.

தம்பியிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப ஒங்க வண்டியைக் குடுங்க" என்றான். அதைக் கொடுக்க மாட்டேன்.